கெர்னலுக்குள் தூங்கலாமா? ஃப்ரீபிஎஸ்டி கெர்னல் ஃபங்ஷன்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்தின் கெர்னலுக்கு (வன்பொருளையும் நினைவகத்தையும் நிர்வகிக்கும் மையப் பகுதிக்கு) முதல் முறையாக டிரைவர், அதாவது ஒரு சாதனத்தை இயக்கும் நிரல், எழுத உட்காருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு சி மொழி தெரியும், யூனிக்ஸ் டெர்மினலில் புழங்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டுதான் பதில்களை எழுதியிருக்கிறேன். ஃபங்ஷன் பெயர்கள் நாம் வாயால் சொல்வது போலவே இருக்கும். மூலநிரலில் அடிக்கோடு வரும் இடத்தில் இங்கே இடைவெளி விட்டிருக்கிறேன்.

படிக்கும்போது ஒரு கேள்வியைக் கையிலேயே வைத்திருங்கள்: "இந்த இடத்தில் தூங்கலாமா?" தூங்குவது என்றால் ஒரு த்ரெட் சிபியுவை விட்டுக்கொடுத்துவிட்டுக் காத்திருப்பது, விரிவாகக் கீழே சொல்கிறேன். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்வியைக் கேட்க மறந்ததால் வந்தவைதான்.

மேன் பக்கத்தில் மேலாக் என்று தேடினால் கெர்னல் மேலாக் வருவதில்லையே?

வராது. மேன் பக்கங்கள் எண்ணிட்ட பிரிவுகளாக இருக்கின்றன. 2-ஆம் பிரிவு சிஸ்டம் கால்கள், 3-ஆம் பிரிவு லைப்ரரி ஃபங்ஷன்கள். கெர்னலுக்குள் இருந்து அழைக்கும் ஃபங்ஷன்களுக்கு 9-ஆம் பிரிவு. எண் கொடுக்காவிட்டால் 3-ஆம் பிரிவில் இருக்கும் மேலாக்தான் முதலில் வந்து நிற்கும். "மேன் 9 மேலாக்" என்று எண்ணோடு கேளுங்கள். மேலாக், பிரிண்ட்எஃப் என்று பல பெயர்கள் இரண்டு உலகத்திலும் உண்டு. பெயர் ஒன்றுதான், விதிகள் வேறு.

நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி இரண்டிலும் 9-ஆம் பிரிவு இருக்கிறது. லினக்ஸில் இந்த விளக்கங்கள் பெரும்பாலும் மூலநிரலிலேயே, ஃபங்ஷனுக்கு மேலே குறிப்பாக எழுதப்பட்டிருக்கும். எனக்குப் பிஎஸ்டி வழிதான் பிடிக்கும். இணையம் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்தாலும் விளக்கம் கணினியிலேயே கிடைக்கிறது.

யூசர் நிரலில் பழகிய சி அறிவு போதாதா?

மொழி அதேதான். கூட இருந்த வசதிகள்தான் இருக்காது. சி லைப்ரரி கிடையாது. கெர்னல் தனக்கென்று வைத்திருக்கும் ஃபங்ஷன்கள் மட்டுமே கிடைக்கும். மிதப்புப் புள்ளிக் கணக்கைச் சும்மா போட முடியாது. அதற்கு எஃப்பியு கெர்ன் என்டர் என்று அனுமதி வாங்கி உள்ளே போய், முடிந்ததும் வெளியே வர வேண்டும். ஸ்டேக் மிகச் சிறியது. 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் ஒரு த்ரெடுக்குக் கிடைக்கும் கெர்னல் ஸ்டேக் வழக்கமாக 16 கேபிதான். யூசர் நிரலில் கூச்சமில்லாமல் 8 கேபி பஃபரை லோக்கல் மாறியாக வைத்தவர்கள், இங்கே அதை மேலாக்கில் எடுக்கப் பழக வேண்டும்.

அப்புறம், தவறின் விலை. யூசர் நிரல் தவறான முகவரியைத் தொட்டால் அந்தப் புராசஸ் மட்டும் சாகும். கெர்னலில் தொட்டால் மொத்தக் கணினியும் பேனிக் ஆகும், அதாவது கெர்னல் கைவிரித்து நின்றுவிடும். அதைவிடக் கெட்டது, பேனிக் ஆகாமல் வேறு யாருடைய தரவையோ அழித்துவிட்டு அமைதியாக ஓடிக்கொண்டிருப்பது.

கெர்னல் மேலாக்குக்கு ஏன் மூன்று ஆர்க்யூமென்ட்?

முதலாவது அளவு. இரண்டாவது, இந்த நினைவகம் யார் கணக்கில் எடுக்கப்படுகிறது என்று சொல்லும் வகை. மேலாக் டிஃபைன் என்ற மேக்ரோவால் உங்கள் டிரைவருக்கு ஒரு வகையை அறிவித்துவிட்டு, ஃப்ரீ செய்யும்போதும் அதே வகையைக் கொடுக்க வேண்டும். மூன்றாவது ஃப்ளாக்.

வகை எதற்கு என்று பலருக்குச் சலிப்பாக இருக்கும். டெர்மினலில் "விஎம்ஸ்டாட் -எம்" என்று அடித்துப் பாருங்கள். கெர்னலின் ஒவ்வொரு பகுதியும் எத்தனை துண்டு நினைவகத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று வகைவாரியாக வரிசை கட்டி வரும். உங்கள் டிரைவரின் சாதனத்தைத் திறந்து மூடிவிட்டு மறுபடி அதே கட்டளை. உங்கள் வரியில் எண்ணிக்கை ஏறி, இறங்காமல் நின்றுவிட்டதா? கசிவு இருக்கிறது. தனியாக எந்தக் கருவியும் வேண்டாம், கணக்குப் புத்தகம் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது.

எம் வெயிட்ஓகேயா, எம் நோவெயிட்டா? எதைக் கொடுப்பது?

இரண்டில் ஒன்றைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். எம் வெயிட்ஓகே என்றால் "நினைவகம் இப்போது இல்லையென்றால் கிடைக்கும்வரை என்னைத் தூங்க வை" என்று பொருள். அதனால் அது நல் பாயிண்டரைத் திருப்பித் தராது, நல் சோதனையும் தேவையில்லை. எம் நோவெயிட் என்றால் "இருந்தால் கொடு, இல்லையென்றால் இல்லை என்று உடனே சொல்". அது நல் தரலாம். நினைவக நெருக்கடியில் நிச்சயம் தரும். எனவே சோதிக்காமல் அந்தப் பாயிண்டரைத் தொடக் கூடாது.

பலர் "எதற்கு வம்பு, எல்லா இடத்திலும் நோவெயிட் போட்டுவிடலாம்" என்று நினைக்கிறார்கள். அது சரியல்ல. தூங்க அனுமதி உள்ள இடத்தில் நோவெயிட் போட்டால், அரை நொடி பொறுத்தால் கிடைத்திருக்கும் நினைவகத்துக்காகப் பயனரின் வேலையைத் தோல்வி என்று திருப்பி அனுப்புகிறீர்கள். தூங்கலாம் என்றால் வெயிட்ஓகே, கூடாது என்றால் நோவெயிட். பழக்கத்தின்படி இல்லாமல் இடத்தைப் பார்த்து முடிவெடுங்கள்.

இன்னொன்று. அளவு பயனரிடமிருந்து வருகிறதென்றால் உச்சவரம்பு வையுங்கள். யாரோ சில ஜிபி கேட்டு, அதற்கு நீங்கள் வெயிட்ஓகேயோடு உட்கார்ந்தால் கணினியே திணறும். எண்ணிக்கையை அளவால் பெருக்கிக் கேட்க வேண்டிய இடத்தில் மேலாக்அரே இருக்கிறது. பெருக்கல் வழிந்துபோவதை அது பிடித்துவிடும்.

தூங்குவது என்கிறீர்களே, சரியாக அது என்ன? எங்கெல்லாம் கூடாது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை நிதானமாகப் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு த்ரெட் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. டிஸ்க்கிலிருந்து தரவு வர வேண்டும், நினைவகம் விடுபட வேண்டும், பயனர் விசையைத் தட்ட வேண்டும். அப்போது அந்த த்ரெட் சிபியுவை விட்டுக்கொடுத்துவிட்டு ஓரமாகப் போய்ப் படுக்கிறது. அதுதான் தூக்கம். ஃப்ரீபிஎஸ்டி இதை "பிளாக்" ஆவதிலிருந்து பிரித்துப் பார்க்கிறது. மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு) ஒன்றுக்காக நிற்பது பிளாக். அதை வைத்திருப்பவர் சீக்கிரமே விட்டுவிடுவார் என்ற உறுதி அங்கே உண்டு. தூக்கத்தில் அந்த உறுதி இல்லை.

இந்த வேறுபாட்டிலிருந்துதான் விதியே பிறக்கிறது. மியூடெக்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கக் கூடாது. நீங்கள் தூங்கினால் "சீக்கிரம் விட்டுவிடுவார்" என்ற வாக்கு பொய்யாகிறது, வெளியே அந்த மியூடெக்ஸுக்காக நிற்பவர்கள் அத்தனை பேரும் உங்களோடு சேர்ந்து மாட்டுகிறார்கள். ரீட்-ரைட் லாக்குக்கும் இதே விதி.

வேறு எங்கெல்லாம்? இன்டரப்ட், அதாவது சாதனம் சிபியுவை அழைக்கும் சைகை, அதைக் கையாளும் த்ரெடில் கூடாது. ஃப்ரீபிஎஸ்டியில் இன்டரப்ட் கையாளும் வேலை இரண்டு கட்டமாக இருக்கலாம். ஃபில்டர் என்ற முதல் கட்டம் இன்டரப்ட் வந்த அந்தக் கணமே ஓடுகிறது, அங்கே ஸ்பின் மியூடெக்ஸ் (ஒதுங்காமல் சுழன்றுகொண்டே காத்திருக்கும் பூட்டு) தவிர வேறு பூட்டே தொடக் கூடாது. இரண்டாம் கட்டத்துக்குத் தனி த்ரெட் உண்டு. அங்கே சாதாரண மியூடெக்ஸ் எடுக்கலாம், தூங்க மட்டும் கூடாது. கால்அவுட் டைமர் அழைக்கும் ஃபங்ஷனிலும் கூடாது. ஏனென்றால் அந்த த்ரெட் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை, அந்த சிபியுவின் மற்ற டைமர்களும் அதை நம்பியிருக்கின்றன. கிரிட்டிக்கல் என்டர் (சிபியுவை வேறு த்ரெடுக்கு மாற்றாதே என்ற கட்டளை) செய்த பிறகும், நெட்வொர்க் அடுக்கின் எபக் பகுதிக்குள்ளும் (படிப்பவர்கள் இருக்கும்வரை தரவு ஃப்ரீ ஆகாமல் காக்கும் பகுதி) கூடாது.

தூங்க வேண்டிய வேலை இப்படிப்பட்ட இடத்தில் வந்து சேர்ந்தால் என்ன செய்வது? டாஸ்க்கியூ என்கியூ மூலம் அந்த வேலையை வேறொரு த்ரெடிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அந்த த்ரெட் தாராளமாகத் தூங்கலாம்.

இந்தத் தவறின் கொடுமை, சோதனையில் அது தெரிவதில்லை. மியூடெக்ஸ் பிடித்தபடி வெயிட்ஓகேயோடு மேலாக் அழைக்கிறீர்கள். உங்கள் கணினியில் நினைவகம் நிறையவே காலியாக இருக்கிறது, தூங்க வேண்டிய தேவையே வரவில்லை, எல்லாம் ஓடுகிறது. வாடிக்கையாளரின் சர்வரில் என்றோ ஒரு நாள் நினைவகம் தீர்ந்து நிற்கும்போது உங்கள் த்ரெட் நிஜமாகவே தூங்கும். இன்னொரு த்ரெட் அதே மியூடெக்ஸைக் கேட்கும். வைத்திருப்பவர் தூங்குவதைக் கெர்னல் பார்க்கும். "ஸ்லீப்பிங் த்ரெட்" என்று சொல்லிப் பேனிக் ஆகும். தவறு எழுதிய நாளுக்கும் கணினி விழுந்த நாளுக்கும் இடையே ஒரு வருடம்கூட ஓடியிருக்கலாம்.

பயனர் கொடுத்த பாயிண்டரை நேரடியாகப் படித்தால் என்ன? காப்பிஇன் எதற்கு?

அந்த முகவரி பயனருடையது. அங்கே எதுவுமே இல்லாமல் இருக்கலாம். ஸ்வாப்புக்குப் போயிருக்கலாம். அல்லது வேண்டுமென்றே கெர்னலின் முகவரி ஒன்றைக் கொடுத்து உங்கள் கையாலேயே அதைப் படிக்க வைக்கப் பார்க்கலாம்.

காப்பிஇன் முதலில், கேட்ட நீளம் முழுவதும் பயனர் எல்லைக்குள் அடங்குகிறதா என்று பார்க்கிறது. பிறகு "இங்கே பிழை வந்தால் இந்த இடத்துக்குத் தாவு" என்று ஒரு முகவரியைக் குறித்து வைத்துவிட்டுப் படிக்கத் தொடங்குகிறது. நடுவில் பக்கம் இல்லை என்று தெரிந்தால் பேனிக் ஆவதற்குப் பதிலாக அந்த இடத்துக்குத் தாவி, இஃபால்ட், அதாவது பிழை எண் 14, திருப்பித் தருகிறது. வெற்றி என்றால் 0. திரும்பப் பயனருக்குக் கொடுக்கக் காப்பிஅவுட். நல் எழுத்தில் முடியும் சரத்துக்குக் காப்பிஇன்ஸ்டர். புதிய இன்டெல், ஏஎம்டி சிபியுக்களில் எஸ்மேப் என்ற பாதுகாப்பு வேறு இருக்கிறது. கெர்னல் நிரல் இந்த வழியாகப் போகாமல் பயனர் பக்கத்தைத் தொட்டாலே வன்பொருள் தடுத்துவிடும்.

புதியவர்கள் வழுக்கும் இடம் ஒன்று ஐஓசிடிஎல், அதாவது சாதனத்துக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால். ஃப்ரீபிஎஸ்டியில் ஐஓசிடிஎல் கட்டளையின் ஸ்ட்ரக்ட் உங்கள் டிரைவருக்கு வரும் முன்பே கெர்னல் அதை உள்ளே நகலெடுத்துவிடுகிறது. எனவே அதற்குக் காப்பிஇன் வேண்டாம். சரி, ஆனால் அந்த ஸ்ட்ரக்டுக்குள் ஒரு பாயிண்டர் இருந்தால்? அது இன்னும் பயனரின் முகவரிதான். அதற்குக் காப்பிஇன் கட்டாயம். "மேலே இருப்பதை நகலெடுத்தாகிவிட்டது, உள்ளே இருப்பதும் வந்திருக்கும்" என்ற நினைப்பில் எழுதிய நிரலை நான் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

ஒரே தரவை இரண்டு முறை காப்பிஇன் செய்யாதீர்கள். முதல் முறை நீளத்தைப் படித்துச் சோதிக்கிறீர்கள். இரண்டாம் முறை முழு ஸ்ட்ரக்டையும் படிக்கிறீர்கள். இடையில் பயனரின் இன்னொரு த்ரெட் அந்த நீளத்தை மாற்றிவிட்டால், நீங்கள் சோதித்தது ஒன்று, பயன்படுத்துவது வேறொன்று. ஒரு முறை உள்ளே எடுங்கள், எடுத்த நகலைச் சோதியுங்கள், அந்த நகலையே பயன்படுத்துங்கள்.

காப்பிஅவுட் செய்வதற்கு முன் ஸ்ட்ரக்டைப் பூஜ்யத்தால் நிரப்புங்கள். உறுப்புகளுக்கு இடையே கம்பைலர் விடும் இடைவெளி பைட்டுகளில் கெர்னலின் பழைய தரவு ஒட்டிக்கொண்டு வெளியே போகக்கூடும். மேலாக்கில் எம் ஜீரோ ஃப்ளாக் சேர்த்தால் இந்தக் கவலை தீர்ந்தது.

மியூடெக்ஸ் பிடித்தபடி காப்பிஇன் செய்யலாமா?

கூடாது. பயனரின் பக்கம் டிஸ்க்கில் இருந்தால் அதைக் கொண்டுவரும்வரை த்ரெட் தூங்க வேண்டியிருக்கும். பூட்டுக்கு வெளியே நகலெடுத்துவிட்டு, பிறகு பூட்டை எடுங்கள்.

எம்ஸ்லீப்புக்கு ஏன் மியூடெக்ஸைக் கொடுக்க வேண்டும்? வெறுமனே தூங்கினால் ஆகாதா?

ஸ்லீப், வேக்கப் என்ற ஜோடி யூனிக்ஸில் மிகப் பழையது. 1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இதே பெயர்களில் இருந்தது. யோசனை எளிமையானது. ஒரு த்ரெட் ஏதோ ஒரு முகவரியைச் சொல்லித் தூங்குகிறது. வேறொருவர் அதே முகவரியைச் சொல்லி வேக்கப் அழைத்தால் எழுகிறது. அந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று கெர்னல் பார்ப்பதில்லை. இருவருக்கும் பொதுவான அடையாளம், அவ்வளவுதான்.

சிக்கல் இங்கே வருகிறது. "தரவு வந்துவிட்டதா?" என்று பார்க்கிறீர்கள். இல்லை. சரி, தூங்கலாம் என்று போகிறீர்கள். நீங்கள் பார்த்ததற்கும் படுத்ததற்கும் நடுவில், இன்னொரு சிபியுவில் தரவு வந்து, வேக்கப்பும் அழைத்தாகிவிட்டது. அப்போது நீங்கள் இன்னும் தூங்கவில்லை, எனவே எழுப்ப ஆள் இல்லை. அதற்குப் பிறகு போய்ப் படுக்கிறீர்கள். கதவைத் தட்டியவர் போன பிறகு படுத்தவரை யார் எழுப்புவது?

எம்ஸ்லீப் இந்த இடைவெளியை அடைக்கிறது. மியூடெக்ஸைப் பிடித்தபடியே நிபந்தனையைப் பார்த்து, அந்த மியூடெக்ஸோடு எம்ஸ்லீப் அழைத்தால், "மியூடெக்ஸை விடுவது, தூங்குவது" இரண்டும் பிரிக்க முடியாத ஒரே செயலாக நடக்கும். எழுப்புகிறவரும் அதே மியூடெக்ஸை எடுத்துத்தான் தரவை மாற்ற வேண்டும் என்பதால் நடுவில் நுழைய வழியில்லை. எழுந்ததும் மியூடெக்ஸை மறுபடி உங்கள் கையில் கொடுத்துத்தான் எம்ஸ்லீப் திரும்பும்.

பழைய ஒற்றைச் சிபியு காலத்தில் இதே வேலையை எஸ்பிஎல்பயோ, எஸ்பிஎல்நெட் போன்ற ஃபங்ஷன்கள் இன்டரப்டுகளை அடக்கிவைத்துச் செய்தன. 2003 ஜனவரியில் ஃப்ரீபிஎஸ்டி 5.0 வந்தபோது அந்த முறை போய் மியூடெக்ஸ் முறை வந்தது. பழைய டிரைவர் நிரலில் எஸ்பிஎல் பார்த்தால் அது எந்தக் காலத்து நிரல் என்று புரிந்துகொள்ளலாம்.

எழுந்தவுடன் நிபந்தனை நிறைவேறிவிட்டது என்று நம்பாதீர்கள். வேக்கப் அந்த முகவரியில் தூங்கும் எல்லாரையும் எழுப்பும். உங்களுக்கு முன் எழுந்தவர் தரவை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். அதனால் இஃப் போடாமல் எப்போதும் ஒய்ல் சுற்றுக்குள் வைத்து அழையுங்கள். ஒருவரை மட்டும் எழுப்பினால் போதும் என்றால் வேக்கப் ஒன் இருக்கிறது.

பிகேட்ச் ஃப்ளாக்கையும் சொல்ல வேண்டும். அதைக் கொடுத்தால் சிக்னல் வரும்போது தூக்கம் கலையும், எம்ஸ்லீப் இஐஎன்டிஆர் (நடுவில் கலைந்தது) அல்லது இரீஸ்டார்ட் (சிஸ்டம் காலை மறுபடி ஓட்டு) தரும். கொடுக்காவிட்டால் கில் 9 அடித்தாலும் அந்தப் புராசஸ் அசையாது. பயனர் என்ன செய்வதென்று தெரியாமல் கணினியையே அணைப்பார். பயனர் சார்பாகக் காத்திருக்கும் இடத்தில் பிகேட்ச் கொடுங்கள், திரும்பி வரும் மதிப்பைப் பாருங்கள்.

எம்ஸ்லீப்பில் ஒரு குட்டிச் சரம் கொடுக்கச் சொல்கிறதே, அது எதற்கு?

அழகான விஷயம் இது. ஃப்ரீபிஎஸ்டி டெர்மினலில் கேட் என்று மட்டும் அடித்து என்டர் தட்டுங்கள். அது நீங்கள் ஏதாவது தட்டச்சு செய்வதற்காகக் காத்திருக்கும். இப்போது கண்ட்ரோல்-டி (ஆங்கில T, D இல்லை) அழுத்துங்கள். ஒரு வரி வரும். கணினியின் சுமை, நிரலின் பெயர், புராசஸ் எண், அடுத்து சதுர அடைப்புக்குள் "டிடிஒய்இன்". கெர்னலுக்குள் அந்த த்ரெட் எங்கே தூங்குகிறது என்பதற்கு விலாசம் அது. டெர்மினல் உள்ளீட்டுக்காகத் தூங்கும் இடத்தில் நிரலாளர் ஒருவர் கொடுத்துவைத்த அதே சரம்தான் உங்கள் திரையில் நிற்கிறது. டாப், பிஎஸ் கட்டளைகளிலும் இது தெரியும்.

காட்டும் இடம் குறுகலானது என்பதால் ஆறு எழுத்துக்கு மிகாமல் வைக்கச் சொல்கிறது மேன் பக்கம். உங்கள் டிரைவரில் தூங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் வெவ்வேறு பெயர் வையுங்கள். எல்லா இடத்திலும் "வெயிட்" என்று வைத்தால், நடு இரவில் தொங்கி நிற்கும் கணினியின் முன் உட்காருகிறவருக்கு நீங்கள் எதையும் சொல்லவில்லை என்று பொருள்.

மியூடெக்ஸ், ஸ்பின், எஸ்எக்ஸ், ஆர்டபிள்யூ, ஆர்எம்... எதைத்தான் எடுப்பது?

எம்டிஎக்ஸ் லாக், அதாவது சாதாரண மியூடெக்ஸ். வேறொன்று வேண்டும் என்பதற்குக் காரணம் கிடைக்கும்வரை அதுவே போதும். பூட்டை வைத்திருப்பவர் வேறொரு சிபியுவில் ஓடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் சுழன்று பார்க்கும், ஓடவில்லையென்றால் ஒதுங்கி நிற்கும். அந்தப் புத்திசாலித்தனம் அதற்குள்ளேயே இருக்கிறது. பூட்டைப் பிடித்தபடி தூங்கியே ஆக வேண்டும் என்றால் எஸ்எக்ஸ். ஃபில்டருக்குள் என்றால் ஸ்பின் மியூடெக்ஸ். 9-ஆம் பிரிவில் லாக்கிங் என்ற பக்கத்தில், எந்தப் பூட்டைப் பிடித்திருக்கும்போது எதை எடுக்கலாம் என்று அட்டவணையே இருக்கிறது. அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

விட்னஸ் என்று எல்லாரும் சொல்கிறார்களே?

கெர்னலைக் கட்டும்போது சேர்க்கும் ஒரு தேர்வு அது. பெயருக்கு ஏற்ற சாட்சி. எந்த த்ரெட் எந்தப் பூட்டுக்குப் பிறகு எந்தப் பூட்டை எடுத்தது என்று ஒவ்வொன்றையும் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. ஒரு இடத்தில் அ எடுத்துப் பிறகு ஆ, வேறொரு இடத்தில் ஆ எடுத்துப் பிறகு அ என்று வந்தால், டெட்லாக் (ஒருவர் பூட்டுக்காக மற்றவர் என்று இருவரும் நகராமல் நிற்பது) நிஜமாக நடக்கும்வரை காத்திராமல் "லாக் ஆர்டர் ரிவர்சல்" என்று இரண்டு பூட்டுகளின் பெயரையும் மூலநிரல் வரி எண்ணையும் அச்சிடும்.

மேலே சொன்ன மேலாக் தவறையும் இது முதல் ஓட்டத்திலேயே பிடித்துவிடும். நினைவகம் காலியாக இருக்கிறதா என்பது அதற்குப் பொருட்டே இல்லை. "தூங்க வாய்ப்புள்ள அழைப்பு, கையில் தூங்கக் கூடாத பூட்டு" என்பதே அதற்குப் போதும். ஒரு வருடம் கழித்து வரவேண்டிய பேனிக், எழுதிய அன்றே எச்சரிக்கையாக வருகிறது.

வளர்ச்சிக் கிளையான கரண்ட்டில் விட்னஸும், கெர்னல் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் தேர்வான இன்வேரியன்ட்ஸும் இயல்பாகவே இயங்கும். வெளியீட்டுப் பதிப்புகளில் வேகத்துக்காக அணைத்திருப்பார்கள். டிரைவர் எழுதும் கணினியில் இரண்டும் இல்லாமல் ஒரு நாள்கூட வேலை செய்யாதீர்கள்.

கால்அவுட் ஸ்டாப்புக்கும் கால்அவுட் டிரெயினுக்கும் என்ன வேறுபாடு?

ஸ்டாப் இனிமேல் ஓடாதே என்று சொல்லும். டிரெயின் அதைச் சொல்லிவிட்டு, இப்போது ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்தும் நிற்கும். இந்த வேறுபாட்டை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஒரு உணரி அட்டைக்கு டிரைவர் எழுதியிருந்தேன். நொடிக்கு ஒருமுறை டைமர் வந்து மதிப்பைப் படித்துவைக்கும். டிரைவரைக் கழற்றும்போது கால்அவுட் ஸ்டாப் அழைத்துவிட்டு, அடுத்த வரியில் ஸ்ட்ரக்டை ஃப்ரீ செய்தேன். என் மேசையில் எத்தனையோ முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. அதிக சிபியு கொண்ட ஒரு கணினியில் இறக்கியபோது பேனிக். இன்வேரியன்ட்ஸ் சேர்த்துக் கட்டிய கெர்னலைப் போட்டு மறுபடி விழவைத்து, டம்ப்பை, அதாவது விழுந்த கணத்தின் நினைவக நகலை, திறந்தேன். பாயிண்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விசித்திரமான எண் திரும்பத் திரும்ப இருந்தது. தசமத்தில் எழுதினால் 3735929054. பதினாறடிமானத்தில் எழுதினால் "டெட் கோட்" என்றே படிக்கலாம்.

அது தற்செயல் இல்லை. இன்வேரியன்ட்ஸ் இயங்கும்போது, ஃப்ரீ செய்த நினைவகத்தைக் கெர்னல் அந்த எண்ணால்தான் நிரப்பி வைக்கிறது. அதை டம்ப்பில் பார்த்துவிட்டால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், ஃப்ரீ செய்ததை யாரோ தொட்டிருக்கிறார்கள். ஒரு சிபியுவில் நான் ஃப்ரீ செய்துகொண்டிருந்தபோது இன்னொரு சிபியுவில் டைமர் ஃபங்ஷன் நடுவில் இருந்தது. ஸ்டாப் என்பதை டிரெயின் என்று மாற்றினேன். ஒரு சொல்தான். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது.

கவனம், டிரெயின் தூங்கக்கூடியது. டைமர் ஃபங்ஷன் எடுக்கும் மியூடெக்ஸைப் பிடித்தபடி அதை அழைத்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே நிற்பீர்கள். கால்அவுட் இனிட் எம்டிஎக்ஸ் மூலம் மியூடெக்ஸையும் சேர்த்து அமைத்தால் ஸ்டாப்பே இன்னும் பாதுகாப்பாகிறது. அப்போதும் அந்த மியூடெக்ஸை அழிப்பதற்கு முன் டிரெயின் வேண்டும்.

லினக்ஸ் கெர்னல் தெரியும். எங்கே தடுக்கி விழுவேன்?

முதலில் பிழை எண்ணின் குறி. லினக்ஸில் பிழையை எதிர்ம எண்ணாகத் திருப்புவார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் நேர்ம எண். பழக்க தோஷத்தில் கழித்தல் குறி போட்டால் சில இடங்களில் கம்பைலரும் ஒன்றும் சொல்லாது, பயனருக்குப் புரியாத பிழை போய்ச் சேரும். இரீஸ்டார்ட்டின் மதிப்பே கழித்தல் 1 என்பதால், கழித்தல் ஈபெர்ம் (அனுமதி இல்லை என்ற பிழை எண் 1) எழுதினால் அது இரீஸ்டார்ட்டாகப் படிக்கப்படும். சிஸ்டம் கால் மறுபடி மறுபடி ஓடும்.

அடுத்து நகலெடுக்கும் ஃபங்ஷன். லினக்ஸின் காப்பி ஃப்ரம் யூசர், நகலெடுக்க முடியாமல் விட்டுப்போன பைட்டுகளின் எண்ணிக்கையைத் தருகிறது. காப்பிஇன் பிழை எண்ணையே தருகிறது, அதை அப்படியே திருப்பலாம். லினக்ஸின் நினைவக ஃப்ளாக்குகளில் ஜிஎஃப்பி கெர்னல் கிட்டத்தட்ட எம் வெயிட்ஓகே போல, ஜிஎஃப்பி அட்டாமிக் எம் நோவெயிட் போல. ஆனால் ஜிஎஃப்பி கெர்னல் நல் தரலாம், அங்கே சோதிக்க வேண்டும்.

பிழை தேட பிரிண்ட்எஃப் போதுமா?

நிறைய தூரம் போதும். அச்சிட்டது டிமெசேஜில் இருக்கும். டிரைவருக்குள் டிவைஸ் பிரிண்ட்எஃப் பயன்படுத்தினால் எந்தச் சாதனம் பேசுகிறது என்று பெயரும் முன்னால் வரும். நிபந்தனை பொய்யானால் பேனிக் ஆக்கும் கேஅசர்ட்டைத் தாராளமாகப் போடுங்கள். இன்வேரியன்ட்ஸ் இல்லாத கெர்னலில் அது காணாமல் போய்விடும் என்பதால் வேகம் குறையாது. அதே காரணத்தால் அதன் நிபந்தனைக்குள் மதிப்பை மாற்றும் எதையும் எழுதாதீர்கள். பூட்டு பிடித்திருக்கிறோமா என்று உறுதிசெய்ய எம்டிஎக்ஸ் அசர்ட் உண்டு. ஓடும் கெர்னலை நிறுத்தாமல் பார்க்க டீடிரேஸ். ஃப்ரீ செய்ததைத் தொடுவதைக் கையும் களவுமாகப் பிடிக்க, ஃப்ரீபிஎஸ்டி 14.0 முதல் கேஏசான் என்ற நினைவகச் சோதனைக் கருவி இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது?

மெய்நிகர்க் கணினி ஒன்றில் தொடங்குங்கள். யூசர்-எஸ்ஆர்சி-சிஸ் கோப்புறையில் மூலநிரல் இருக்கட்டும். ஆர்சி கான்ஃபில் டம்ப்டெவ் என்பதை ஆட்டோ என்று வையுங்கள், விழுந்தால் டம்ப் கிடைக்கும். எழுதியதைத் திருப்பிப் படித்துக் காட்டும் எக்கோ சாதனம் ஒன்றை எழுதுங்கள். மேக் டெவ் (சாதனத்தை உருவாக்க), மேலாக், யூஐஓமூவ் (பயனரோடு தரவை நகலெடுக்க), ஒரு மியூடெக்ஸ், அவ்வளவுதான் தேவை. மேக்ஃபைல் மூன்று வரிதான். கேஎல்டிலோட் செய்து ஏற்றி, எக்கோ கட்டளையால் எழுதி, கேட் கட்டளையால் படியுங்கள்.

அப்புறம் கழற்றும் பாதையில் நேரம் செலவிடுங்கள். ஏற்றுவது எளிது, கழற்றுவதில்தான் தவறுகள் ஒளிந்திருக்கும். புதிதாக யாரும் உள்ளே வராதபடி முதலில் டெஸ்ட்ராய் டெவ். உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை அது காத்திருக்கும். பிறகு இன்டரப்டைக் கழற்றுங்கள், கால்அவுட்டையும் டாஸ்க்கியூவையும் டிரெயின் செய்யுங்கள், நினைவகத்தை விடுங்கள், கடைசியாக மியூடெக்ஸை அழியுங்கள். ஒரு சுற்றில் நூறு முறை ஏற்றி இறக்குங்கள். இன்னொரு டெர்மினலில் யாராவது அந்தச் சாதனத்தைப் படித்துக்கொண்டே இருக்கட்டும். நினைவகம் எதையாவது விட்டுவைத்திருந்தால், கேஎல்டிஅன்லோட் செய்யும்போதே உங்கள் வகையின் பெயரைச் சொல்லி, இத்தனை துண்டு, இத்தனை பைட் கசிந்தது என்று கன்சோலில் ஒரு எச்சரிக்கை வரும். அந்த வரி வராத வரையில் அடுத்த டிரைவருக்குப் போகலாம்.